இறுகாத பிஸ்கட்

"அந்தக் கரண்டியத் தொடாதீங்கக்கா! அது குழந்தையோடது!"

காலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிட்டாள் அந்த வீட்டின் இளைய மருமகள். மூத்தவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். அவள் எடுக்கப் போனது பக்கத்தில் இருந்த தன் தம்ளரைத்தான். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? இரண்டு வருடமாக அந்தச் சமையலறையில் அவளுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், அலமாரியில் ஒரு மூலை. திருட்டுப் பூனையைக்கூட யாரும் இவ்வளவு கண்காணிக்க மாட்டார்கள்!

"இன்னிக்கு ஒரு நாளாவது நிம்மதியா விடுங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு பஸ் இருக்குல்ல..."

"இருக்கும்மா. பெட்டியெல்லாம் கட்டி வெச்சிட்டேன்."

வேறொரு ஊரில், பெண்கள் விடுதி ஒன்றில் சமையல் வேலை. ஊருக்கே சமைத்துப் போடலாம், வீட்டுக் குழந்தைக்கு ஒரு வாய் கொடுக்கக் கூடாது. என்ன நியாயமோ!

அந்தக் குழந்தை சிட்டு. இன்று அவளுக்கு ஏழாவது பிறந்தநாள். பெற்ற இளையவள் ஆஸ்பத்திரி நர்ஸ். மூன்றாம் மாதமே வேலைக்குத் திரும்பிவிட்டாள். கணவனைப் பறிகொடுத்து, பிள்ளையும் இல்லாமல் நின்ற மூத்தவளின் மடியில்தான் சிட்டு குப்புற விழுந்தது, தவழ்ந்தது, பெரியம்மாவை 'பெம்மா' என்று மழலையில் கூப்பிட்டது எல்லாம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு நாள், அந்த மடியிலிருந்து குழந்தையைப் பிடுங்கிவிட்டார்கள்.

வேர்க்கடலை வாயில் பட்டால் சிட்டுவுக்கு மூச்சு அடைத்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்த சமயம். வீட்டில் கடலை என்ற பேச்சே கிடையாது. வீட்டில் ஓவனும் இல்லை. அதனால் மூத்தவள் ஓட்ஸ் பிஸ்கட்டை அடுப்பிலேயே செய்வாள். சர்க்கரை, பால், வெண்ணெய், கோக்கோ கொதித்துப் பொங்கியதும் மனசுக்குள் அறுபது எண்ணுவாள். பிறகுதான் ஓட்ஸைக் கொட்டிக் கிளறி, காகிதத்தில் கரண்டி கரண்டியாக வைப்பாள். அன்று இருபது எண்ணுவதற்குள் சிட்டு படியில் உருண்டு வீறிட்டாள். மூத்தவள் பாத்திரத்தை இறக்கி, அவசரமாக ஓட்ஸைக் கொட்டிவிட்டு ஓடினாள். கலவை இறுகவே இல்லை.

அவளுடைய கொழுந்தன், சிட்டுவின் அப்பா, வயர்மேன். கூட வேலை செய்பவர்களுக்குக் கொண்டுபோகலாம் என்று அந்தச் சேற்றில் பாதியைத் தனித் தட்டில் எடுத்து, தன் டூல்ஸ் பையில் ஒளித்து வைத்திருந்த பீனட் பட்டரை, அந்தக் கடலை விழுதை, போட்டுக் கிளறினான். இறுகியது. தட்டை மேடையிலேயே விட்டுவிட்டுக் குளிக்கப் போனான். சிட்டு எட்டி ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டாள்.

மூன்று நாள் ஆஸ்பத்திரி. 'அண்ணி... நான்தான்னு தெரிஞ்சா அவ என்னை விட்டுட்டுப் போயிடுவா. ஏற்கெனவே என் குடியால நொந்து போயிருக்கா. குழந்தை அப்பா இல்லாம வளரணுமா அண்ணி?' என்று வராந்தாவில் நின்று அழுதான். இளையவள் வந்து, "நீங்கதானே பண்ணீங்க?" என்று கத்தியபோது மூத்தவள், "ஆமா, நான்தான்" என்றாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சுமக்க ஒருத்தி கிடைத்தால் அவன் ஏன் இறக்கி வைக்கப் போகிறான்? குடியை மட்டும் விட்டான்.

மதியம் இளையவளே போனில் வீடியோ பார்த்து அந்த பிஸ்கட்டில் இறங்கினாள். மகள் வேறு எதையும் கேட்கவில்லையாம். அடுத்த அறையில் இருந்த மூத்தவளுக்குக் கொதி வரும் சத்தம் கேட்டது. தன்னையறியாமல் எண்ணத் தொடங்கினாள். பத்து... பதினைந்து... அதற்குள் அடுப்பு அணைந்தது. ஐயோ, இன்னும் கொஞ்சம் விடக் கூடாதா! நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்தும் காகிதத்தில் சேறுதான்.

"நாலு மணிக்குப் பசங்க வந்துடுவாங்களே! இது என்ன இப்படி வழியுது..." இளையவள் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள்.

கொழுந்தன் பலூன் ஊதியபடியே எட்டிப் பார்த்தான். "இதுக்கா அழற? கெட்டியா எதையாவது போட்டுக் கிளறு. அன்னிக்கு நான் ரெண்டு கரண்டி பீனட் பட்டர் போட்டதும் கல்லு மாதிரி..."

நுணலும் தன் வாயால் கெடும். பலூன் கையிலிருந்து பறந்து சுவரில் மோதி விழுந்தது.

"என்னிக்கு?" இளையவளின் குரல் தாழ்ந்திருந்தது. "என்னிக்குப் போட்டீங்க? சொல்லுங்க!"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எல்லாம் வெளியே வந்தது, டூல்ஸ் பை, தனித் தட்டு, வராந்தா... இளையவள் அவனை அடிக்கவில்லை, ஏசவில்லை. மூத்தவளிடம் ஓடி வந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"ஏன்க்கா... ஏன் சொல்லலை? நான் உங்களை என்னென்ன பேசினேன்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா!"

"சொல்லியிருந்தா நீ இந்த வீட்டுல இருந்திருப்பியா?"

இளையவள் அவள் தோளில் முகம் புதைத்து விம்மினாள். மூத்தவளுக்கும் கண்ணீர் வழிந்தது. இரண்டு வருடம் அடக்கியது, லேசில் நிற்கவில்லை.

பிறகு அவள்தான் எழுந்து பாத்திரத்தைக் கழுவி, புதிதாகக் கொதிக்க வைத்தாள். அறுபது வரை வாய்விட்டு எண்ணினாள். மூன்றரைக்கு பிஸ்கட் இறுகிவிட்டது. ஒன்றை எடுத்துச் சிட்டுவிடம் நீட்டினாள்.

சிட்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அம்மா... பெரியம்மா கையால வாங்கக் கூடாதுல்ல? செத்துப் போயிடுவேன்ல?"

"இல்லடி தங்கம்! அம்மா தப்பாச் சொல்லிட்டேன். வாங்கிக்கோடி..." இளையவள் மகளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். குழந்தை பயந்து அழத் தொடங்கியது.

"விடும்மா!" மூத்தவள் பிஸ்கட்டைத் தட்டில் வைத்தாள். "ரெண்டு வருஷமா ஊட்டின பயம், ரெண்டு நிமிஷத்துல போயிடுமா? என் பேர் சுத்தமாயிடுச்சு, அது போதும். நான் கிளம்பறேன்."

"போகாதீங்கக்கா..."

"அண்ணி, நான் வேணா போயிடறேன் அண்ணி..."

அவள் இருவரையும் பார்க்கவில்லை. கூடத்துக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கினாள். கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். தான் வளர்த்த குழந்தை தன்னைப் பார்த்து நடுங்கியதை எந்த மன்னிப்பு வந்து துடைக்கும்?

வாசலில் சிட்டு வந்து நின்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கை எட்டாத தூரத்தில்.

"பெரியம்மா... நாளைக்கு நீங்க இருப்பீங்களா?"

மூத்தவள் பெட்டியைக் கை மாற்றிப் பிடித்தாள்.

"இருந்தா, நாளைக்கு வாங்கிக்கறேன்."

மூத்தவள் பெட்டியைக் கீழே வைத்தாள்.