மும்மாரி கேட்ட ராஜா

சிநேகாவின் அட்டைக் கிரீடம் காதுவரை இறங்கி உட்கார்ந்திருந்தது. இருந்தால் என்ன? செய்யூர்ப் பக்கத்துப் பள்ளி ஆண்டு விழாவில் அவள்தான் ராஜா!

“பொம்பளப் புள்ள ராஜாவா?” என்று மந்திரி வேஷம் போடும் கேசவன் ஒத்திகையின் முதல் நாளே சிரித்தான்.

“மீசைய ஒட்டினா யாரும் ராஜாதான். உனக்கு இன்னா வந்துச்சு?” என்று ஒரே போடாகப் போட்டாள் சிநேகா.

அவள் உயிரே நாடகத்தின் கடைசி வசனத்தில்தான் இருந்தது. ‘நல்ல அரசன் யார்?’ என்று தொடங்கும் நீளமான வசனம். பல் தேய்க்கும்போதுகூட நுரை தெறிக்கச் சொல்லிப் பார்ப்பாள். அதைக் கேட்பதற்கென்றே அப்பா ஜெரோம், மறைமலைநகர் கம்பெனியில் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

மேடைக்கு மட்டும் தகரக் கூரை. பெரியவர்கள் தள்ளியிருந்த பள்ளி வராந்தாவில் நின்றார்கள். மேடைக்கு முன்னால், திறந்த மைதானத்தில், ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். “நாடகம் முடியற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது!” என்று ஜெசிந்தா டீச்சர் கண்ணை உருட்டிச் சொல்லிவிட்டு மேடைக்குப் பின்னால் போயிருந்தார்.

திரை விலகியது. ராஜா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். நாடக ராஜாக்கள் எல்லாரும் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டார்.

“மந்திரி! நம் நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?”

மாதத்துக்கு மூன்று மழை பெய்கிறதா என்று அர்த்தம். சொல்லி வைத்தாற்போல் வானம் ‘டமார்’ என்றது. சடசடவென்று மழை கொட்டத் தொடங்கியது.

கேசவன் மனப்பாடப் புலி ஆயிற்றே! அசரவில்லை.

“பொழிகிறது மன்னா! குடிமக்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்!”

எங்கே மகிழ்ச்சி? குடிமக்கள் கோழிக்குஞ்சுகள் மாதிரி நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் சொல்லுக்குப் பயந்து ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

“அடுத்த வசனத்தச் சொல்லு! இன்னாத்த பாத்துகினு கீற?” என்று கிசுகிசுத்தான் கேசவன்.

சிநேகா தயங்கினாள். இத்தனை பேரும் மேடையேறினால் நிற்கக்கூட இடமிருக்காது. நாடகம் அவ்வளவுதான். கடைசி வசனமும் போச்சு. பாவம், அப்பா!

முன் வரிசையில் அன்பரசி என்ற குட்டிப் பெண், மழைக்கு ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் ராஜாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குடிமக்களே!” என்று கத்தினாள் சிநேகா. “நனையாதீங்க! எல்லாரும் அரண்மனைக்குள்ள ஓடியாங்க!”

ராஜாவே சொன்ன பிறகு டீச்சராவது ஒன்றாவது! ‘ஹோ’வென்று ஓடி வந்தார்கள். சிம்மாசனத்தில் மூன்று பேர் ஏறிக்கொண்டார்கள். ராஜாவின் பட்டுச் சால்வையில் நாலு பேர் தலை துவட்டினார்கள்.

“ஐயோ, என் தாடி! யார்ரா புடுங்கினது?” என்று அலறினான் மந்திரி.

வராந்தாவில் ஒரே சிரிப்பும் கைதட்டலும். ஜெசிந்தா டீச்சர் ஓடி வந்து பார்த்தார். தலையில் கை வைத்தார். அப்புறம் துண்டு தேட ஓடினார்.

அப்பா குடையோடு மேடையோரம் வந்தார்.

“வசனம் போச்சுப்பா,” என்றாள் சிநேகா. குரல் உடைந்தது. மீசையும் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது.

“போனா இன்னா கண்ணு? வூட்டுக்குப் போறப்ப வண்டியில சொல்லு, கேட்டுகினே வரேன். ஆனா ஒண்ணு, இந்த மாதிரி ராஜாவ நான் பாத்ததே இல்ல!”

சிநேகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனசு லேசாகிவிட்டது.

அன்பரசி அவள் சால்வையை இழுத்தாள். “ராஜா அக்கா, மழ வுட்டுச்சா?”

“இரு, நான் சொல்றேன்!” என்று தாடியைத் தேடிக்கொண்டே முந்தினான் மந்திரி.

“நீ சும்மா இரு மந்திரி,” என்றார் ராஜா. கூரைக்கு வெளியே தானே கையை நீட்டிப் பார்த்தார்.