ஆடவிடாத அம்மா

“அத்தை, இன்னிக்கு ஒரு நாள் நீங்க ரூமுக்குள்ளேயே இருந்துடுங்களேன்... உங்களைப் பார்த்தா அவ வாசலோட திரும்பிடுவா!”

பாலை அடுப்பில் ஏற்றியபடியே மருமகள் சொன்னாள். அம்மாவுக்குச் சுருக்கென்றது. பெற்ற மகள் ஒன்பது வருடம் கழித்து வருகிறாள். பெற்றவள் ஒளிந்துகொள்ள வேண்டுமாம்! ஆனாலும் அறைக்குள் போய் உட்கார்ந்தாள்.

மகள் டென்னிஸையே தொழிலாகக் கொண்டு ஊர் ஊராகப் போய் ஆடியவள். பெரிய போட்டிக்குள் நுழைய ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. வலது தோளில் ஊசி போட்டுக்கொண்டுதான் ஆடினாள். இன்னும் ஒரு முறை ஆடினால் கையைத் தூக்கவே வராது என்று டாக்டர் எச்சரித்தபோது, “போனா போகட்டும்!” என்றாள். போட்டியன்று காலை அவள் குளிக்கப் போன நேரத்தில், அம்மா கத்தரிக்கோலை எடுத்து எல்லா டென்னிஸ் மட்டைகளின் நரம்புகளையும் அறுத்துப் போட்டாள்.

மகளால் களமிறங்க முடியவில்லை. தோள் ஆறுவதற்குள் தரவரிசையில் எங்கோ பின்தங்கி, ஆட்டத்தையே விட்டுவிட்டாள். “என் வாழ்க்கையையே அறுத்துட்டியே!” என்று கத்திவிட்டுப் போனவள்தான். சொந்தபந்தமெல்லாம் அம்மாவைக் கரித்துக்கொட்டியது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

“அம்மா எங்கே அண்ணி?”

கூடத்தில்கூட நிற்காமல் நேராக உள்ளே வந்த மகள், அம்மாவின் காலடியில் உட்கார்ந்து கேவினாள்.

“இந்தக் கையாலதான்மா தினமும் பிள்ளைங்களுக்கு ஆட்டம் சொல்லித் தர்றேன்... என் குழந்தையைத் தூக்கறேன். நீ காப்பாத்திக் கொடுத்த கை! எப்பவோ புரிஞ்சுடுச்சும்மா... வர்றதுக்குத்தான் வெக்கமா இருந்தது.”

“போடி பைத்தியக்காரி...” என்றாள் அம்மா. மகளை வாரி அணைத்துக்கொண்டாள். கடவுளே, இது போதும் என்றிருந்தது.

கதவோரம் நின்ற மருமகள் மூக்கை உறிஞ்சினாள். “மன்னிச்சிடுங்க அத்தை...”

“நீ ஏம்மா அழறே? என் மனசு நோகக் கூடாதுன்னுதானே சொன்னே!”

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நேத்து நானும் என்கிட்ட ஆட்டம் கத்துக்கற ஒருத்தியை ஆட விடலைம்மா. முட்டி வீங்கிக் கிடக்கு, ஆடியே தீருவேன்னா. போட்டியிலேருந்து பேரை எடுத்துட்டேன். ‘உங்களுக்குப் பொறாமை!’ன்னு கத்தினவ, என் முகத்தையே பாக்க மாட்டேங்கறா. நெஞ்சு வெடிச்சுடும் போல இருந்தது... அவ கோபம் எப்பம்மா தீரும்?”

“நல்ல பொண்ணா இருந்தா சாயங்காலமே தீர்ந்துடும்,” என்றாள் அம்மா. “உன்னை மாதிரி இருந்தா ஒன்பது வருஷம் ஆகும்!”

சிரிப்பும் அழுகையுமாக மகள் அம்மாவின் மடியில் முகம் புதைத்துக்கொண்டாள்.