மூன்றாம் மாடி, முன்பக்கம்

ட்ர்ர்ரிங்... ட்ர்ர்ரிங்...

ஆஸ்பத்திரியின் அடித்தளம். ரத்தப் பரிசோதனைக் கூடத்துச் சுவரில் இன்டர்காம் அலறியது.

ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து நாற்பது.

அவள் உடனே எடுக்கவில்லை. கையிலிருந்த ரப்பர் உறைகளை நிதானமாகக் கழற்றினாள். அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்த போன்தான்!

"லேப்."

"மேடம்... எமர்ஜென்ஸியில இருந்து நர்ஸ் பேசறேன்..." குரல் நடுங்கியது. "உங்க தங்கச்சி... வீட்டு பால்கனியில இருந்து விழுந்துட்டாங்க!"

"என்னது?!"

"கம்பியோட சேர்ந்து விழுந்திருக்காங்க மேடம். மூணாவது மாடி... போலீஸ் வந்திருக்கு. இன்ஸ்பெக்டரம்மா உங்களைப் பாக்கத்தான் கீழ வர்றாங்க."

"உயிர்...?"

"அதை அவங்களே சொல்லுவாங்க. என்னை எதுவும் சொல்லக்கூடாதுன்னுட்டாங்க."

டொக்!

அக்கா ரிசீவரை மாட்டினாள். கை கழுவும் தொட்டிக்கு மேலே இருந்த கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள். அழ வேண்டிய முகம். ஆனால் உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஏதோ... அதைத் துடைத்துப் போட்டாள்.

இன்ஸ்பெக்டர் படியிறங்கி வர இரண்டு நிமிஷமாவது ஆகும். இவளுடைய வயிற்றெரிச்சலின் கதையைச் சொல்ல அது போதும்!

அப்பா இரண்டு பெண்களுக்கும் இரண்டு வீடுகள் விட்டுப் போயிருந்தார். ஒரே கட்டடம். ஒரே மாடி. ஒன்று முன்பக்கம், ஒன்று பின்பக்கம்.

முன்பக்க வீட்டின் பால்கனிக்கு நேர் எதிரே... மேம்பாலம்!

பஸ்ஸில் போகிறவன், தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டே போவான். காலையில் காயப்போட்ட வெள்ளைத் துணி சாயங்காலம் சாம்பல் நிறத்தில் இருக்கும். லாரி போனால் அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொள்ளும்.

"மூத்தவ நான். பின்பக்கம் எனக்கு," என்றாள் அக்கா.

"சரிக்கா," என்று சிரித்தாள் தங்கை.

பதினைந்து வருஷம்! வாரம் ஒரு தடவையாவது அக்கா முன்பக்க வீட்டுக்குப் போய், காதைப் பொத்திக்கொண்டு சொல்லிவிட்டு வருவாள்.

"பாவம்டி நீ... இந்தச் சத்தத்துல எப்படித்தான் தூங்கறியோ!"

அப்படிச் சொல்லிவிட்டு வந்த அன்று அவளுக்கு நல்ல தூக்கம் வரும்.

போன வருஷம் எல்லாம் தலைகீழ்!

பாலத்துக்கு வயதாகிவிட்டது. அடிப்பக்கத்திலிருந்து சிமென்ட் கட்டி கட்டியாக விழுந்தது. மாநகராட்சி முடிவெடுத்தது. பாலம் வேண்டாம். தரையிலேயே சாலை, அகலமான நடைபாதை, மீதி இடமெல்லாம் பூங்கா. பேப்பரில் படமும் போட்டுவிட்டார்கள். குளம், புல்வெளி, மரங்கள்... எல்லாம் தங்கையின் பால்கனிக்கு எதிரே!

பின்பக்க வீட்டுக்கு எதிரே? அடுத்த கட்டடத்தின் சாக்கடைக் குழாய்.

"கொடுத்து வச்சவ உன் தங்கச்சி!" லிஃப்டில், மாடிப்படியில், பால் வாங்குகிற இடத்தில்... எல்லாரும் அதையே சொன்னார்கள். அக்காவுக்கு உள்ளே புகைந்தது.

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். ஆனால் தங்கை ஒரு நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, பார்க் வந்ததும் தினமும் சாயங்காலம் இங்க வந்து உக்காந்துக்கோ. பாவம்... உன் வீட்டுல குழாயைத் தவிர பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

பாவம்!

இத்தனை வருஷமாக அவளுக்கு மட்டுமே சொந்தமாக இருந்த வார்த்தை!

அன்றைக்குத்தான் அக்கா கடைக்குப் போய் ஸ்பானர் வாங்கினாள்.

திட்டம் ரொம்ப சுலபம். இந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பாலத்தை வெடி வைத்துத் தகர்க்கிறார்கள். ஆறு மணிக்குள் கட்டடமே காலியாக வேண்டும். ஐந்தே முக்காலுக்குத் தங்கை பைகளைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள்.

"நீ போடி. நான் பூட்டிட்டு சாவி கொண்டு வர்றேன்."

பதினொரு நிமிஷம். பால்கனிக் கம்பியைப் பிடித்திருந்த நான்கு நட்டுகளும் கடைசிப் புரியில் வந்து நின்றன.

இனி வெடிக்கும். கட்டடம் அதிரும். கல் தெறிக்காமல் இருக்கக் கட்டடத்தின் முன்பக்கம் கட்டியிருக்கும் வலையைக் கழற்றுவார்கள். அப்புறம்தான் ஆட்களை உள்ளே விடுவார்கள். தங்கை முதலில் எங்கே ஓடுவாள்? பால்கனிக்கு! பாலம் போன இடத்தைப் பார்க்கக் கம்பியில் சாய்வாள்...

பழி? வெடியின் மேல்!

சாவியைக் கொடுத்துவிட்டு நேராக டியூட்டிக்கு வந்துவிட்டாள். செல்போன் லாக்கரில். லேபுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது விதி. சரியாக எட்டு மணிக்கு மேஜை மேல் இருந்த கண்ணாடிக் குழாய்கள் கிணுகிணு என்று நடுங்கின. அக்கா கண்ணை மூடித் திறந்தாள்.

தொலைந்தது பாலம்!

கதவு திறந்தது.

ஐம்பது வயது இன்ஸ்பெக்டர். ஒல்லியான பெண்மணி. கையில் ஒரு சின்ன நோட்டு.

"என் தங்கச்சி எப்படி மேடம் இருக்கா? சொல்லுங்க!" அக்கா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"சொல்றேன், உக்காருங்க. ஒண்ணு ரெண்டு கேள்விதான். அந்த பால்கனிக் கம்பி ஏற்கெனவே ஆடிட்டிருந்துதா?"

"இல்லையே! கல்லு மாதிரி இருந்துது!" பொலபொலவென்று கண்ணீர் வந்தது. நன்றாகவே வந்தது. "எல்லாம் அந்தப் பாழாப்போன பாலத்தால வந்தது!"

"பாலத்தாலயா?"

"பின்ன? அத்தனை பெரிய பாலத்தை வெடி வச்சு இடிச்சா பக்கத்துல இருக்கற வீடு அதிராதா? நட்டு கழண்டுக்காதா? ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கற எனக்கே தெரிஞ்சுதே மேடம்! எட்டு மணிக்கு இந்தக் கண்ணாடிக் குழாயெல்லாம் ஆடுச்சு!"

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"எட்டு மணிக்கு?"

"என் கண்ணால பாத்தேன்!"

"நடையில ஏதாவது ட்ராலி தள்ளிட்டுப் போயிருப்பாங்க."

"ட்ராலியா? வெடிச்சது மேடம்!"

"வெடிக்கலை." இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். "பாலம் இன்னும் நின்னுட்டுதான் இருக்கு."

அக்காவின் கண்ணீர் பாதிக் கன்னத்தில் நின்றுவிட்டது.

"எ... என்ன?"

"வயர்ல ஏதோ கோளாறாம். பதினோரு மணிக்குத் தள்ளி வச்சுட்டாங்க. மருந்து மாத்திரை எடுக்கணும்னு கேட்டவங்களை மட்டும் இருபது நிமிஷம் உள்ள விட்டோம். உங்க தங்கச்சி மாத்திரை எடுக்கப் போனாங்க. பால்கனியில ஒரு போர்வை கிடந்துது. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எட்டி எடுத்தாங்க..."

அக்கா மேஜை மேல் இருந்த கண்ணாடிக் குழாய்களைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு. நட்டு கழண்டுதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"நர்ஸ்... நர்ஸ்தான்..."

"நர்ஸுக்கே அது தெரியாதே!"

அக்கா முகத்தைத் துடைப்பது போலத் திரும்பிக்கொண்டாள்.

"பால்கனிச் சுவர்ல சின்னதா ஒரு பெட்டி இருந்துதே, கவனிச்சீங்களா? வெடிக்கும்போது கட்டடம் எவ்வளவு அதிருதுன்னு அளக்க இன்ஜினியர் நேத்து ஒட்டினது. காலையில அஞ்சே முக்கால்ல இருந்து பதினொரு நிமிஷத்துக்குக் கோடு கோடா கிறுக்கி வச்சிருக்கு. அந்த நேரத்துல வீட்டுக்குள்ள இருந்தது நீங்க ஒருத்தர்தான்."

அக்கா ஸ்டூலில் சரிந்தாள். இப்போது வந்தது நிஜமான அழுகை.

"பாவம்னு சொன்னா மேடம்... என்னைப் பாத்து... அவ!"

இன்ஸ்பெக்டர் நோட்டைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்தார்.

"வாங்க. மேல போவோம்."

"பொணத்தைப் பாக்கற தைரியம் எனக்கில்லை..."

"பொணமா? அப்படி யாராவது சொன்னாங்களா?"

முதல் மாடி வார்டு. ஜன்னலோரக் கட்டில். காலில் மாவுக்கட்டோடு தங்கை படுத்திருந்தாள்! வெடிக்காததால் வலையைக் கழற்றவில்லை. அதில் விழுந்து, சறுக்கி, வெடிக்குப் பாதுகாப்பாகக் கீழே அடுக்கியிருந்த மணல் மூட்டைகளின் மேல் வந்து சேர்ந்திருக்கிறாள்.

"அக்கா! நான் நல்லாத்தான் இருக்கேன், எதுக்கு அழறே?" தங்கைக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. "நல்லவேளை வந்தே. போன உயிர் திரும்பி வந்திருக்கு, இப்பவாவது கேட்டுடறேன். நாம வீட்டை மாத்திக்கலாமா?"

"...என்ன?"

"எனக்கு உன் பின்பக்க வீடு வேணும்க்கா. பதினஞ்சு வருஷமா உன்னைப் பாத்து வயிறு எரிஞ்சிருக்கேன், தெரியுமா? மத்தியானம் ஜன்னலைத் திறந்து போட்டுட்டு நீ அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவே. நான் வாசல்ல நின்னு பாத்துட்டு, தலைவலியோட திரும்பிப் போவேன். பார்க் வந்தா மட்டும் என்ன? கூட்டம் வரும், கூச்சல் வரும். நீ முன்பக்கம் எடுத்துக்கோ. எனக்கு அந்தக் குழாயே போதும்!"

அக்கா கட்டில் கம்பியைப் பிடித்தாள்.

பதினைந்து வருஷமாக ஒருத்தி தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள்... அது தெரியாமலே, அதை ஒரு நாள்கூட அனுபவிக்காமலே வீணாக்கிவிட்டாளே!

"அக்கா... ஏன்க்கா பேச மாட்டேங்கறே? இந்தம்மா ஏன் உன் கையைப் பிடிச்சிருக்காங்க?"

அக்கா பதில் சொல்ல நிமிர்ந்தாள்...

டமால்ல்ல்!

வார்டே ஒரு குலுக்கு குலுங்கியது. ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன. தூரத்தில் கட்டடங்களுக்கு மேலே புழுதி மேகமாக எழுந்தது.

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சரியாகப் பதினொன்று.

அக்காவின் காதருகே குனிந்தார்.

"நீங்க சொன்ன வெடி இதுதான் மேடம்... உங்க வாக்குமூலம் மூணு மணி நேரம் ஃபாஸ்ட்டா ஓடிடுச்சு!"