தரை வைக்காத இடம்

அத்தான் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது முற்பகல் பதினொரு மணி. வாசற்கதவு திறந்தே கிடந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் என் அக்கா இந்தக் கதவைத் தாண்டித்தான் எவனோடோ போனாள் என்று அவள் கணவரான அத்தான் சொன்னார். சொன்னதை உறவு நம்பியது. நம்பியதைத் தெரு பரப்பியது. ஓடிப்போனவள் என்ற ஒற்றைச் சொல்லால் ஒரு பெண்ணின் முப்பது ஆண்டு வாழ்வை மூடிவிட்டு, அந்த மூடியின்மேல் உட்கார்ந்து நிம்மதியாக மூச்சுவிட்டது ஒரு குடும்பம்.

நான் நம்பவில்லை. நம்பாமையைத் தவிர என் கையில் வேறொன்றும் இல்லை.

அத்தான் கணினி விளையாட்டுகளை உருவாக்குபவர். சண்டையில்லை, சுடுதலில்லை, ஆளற்ற வீடொன்றில் தனியே நடந்து, மேசைமேல் கிடக்கும் கடிதங்களைப் படித்து, அங்கே வாழ்ந்தவளுக்கு என்ன நேர்ந்தது என்று தேடும் வகை. இம்முறை அவர் எடுத்துக்கொண்டது தம் சொந்த வீட்டை. காணாமற்போனவள், என் அக்கா. முன்னோட்டமாக ஆடிப்பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே குறையைத்தான் எழுதினார்கள்: இரண்டு மணி நேரம் நடக்கவிட்டு, கடைசிக் கதவைத் திறந்தால் வெறும் வெள்ளை வெளிச்சம். அதோடு முடிந்தது.

விளையாட்டுகள் வெளிவருமுன் அவற்றில் பிழை தேடுவது என் தொழில். இந்தப் பணியை அலுவலகத்தில் நானே கேட்டு வாங்கினேன்.

"வா, வாலு," என்றார் அத்தான். அக்கா எனக்கு வைத்த பட்டப்பெயர் அது. "சுவத்துல முட்டிக்கிறதுக்குன்னே வேலைக்குப் போற ஒரே ஆளு நீதான்."

"நீங்க ஒழுங்கா கட்டுனா நான் ஏன் முட்டப்போறேன்?"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "முடிவை ஏன் அத்தான் இப்படி வச்சிருக்கீங்க? ஆடினவங்கெல்லாம் வாயில வந்தபடி திட்டுறாங்க."

"எல்லாத்துக்கும் விடை சொல்லிட்டா அது பாடப்புத்தகம்மா. தெரியாமப் போறதுலதான் அழகு."

தேடுகிறவளுக்கு அது அழகல்ல, தண்டனை.

சமையலறைக்குப் பின்னால் சாமான் அறையாக இருந்ததை அவர் தொழிலறையாக மாற்றியிருந்தார். சமையலறைச் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். காதொலிப்பானை மாட்டியதும் எங்கள் அலுவலகத்துக் குட்டையனின் குரல் வந்தது. விளையாட்டுக்கு ஒலி அமைத்தவன் அவன். நான் நடப்பதை அங்கிருந்து தன் திரையில் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆரம்பி தாயே. சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிச்சுக் குடு."

எங்கள் தொழிலில் சுவர் உரசுவது என்றொரு முறை உண்டு. ஒவ்வோர் அறையிலும் சுவரோடு உடம்பை அழுத்திக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர வேண்டும். கட்டியவர் கண்ணுக்குத் தப்பிய இடுக்கு இருந்தால் அதன் வழியே உள்ளே நழுவிவிடுவோம். நழுவினால் விழுந்துகொண்டே இருப்போம். ஆடுபவர் கால்படாத இடத்துக்கு எவரும் தரை வைப்பதில்லை. சுவருக்கும் ஒரே முகம்தான். மறுபுறமிருந்து பார்த்தால் கண்ணாடி வழியே தெரிவதுபோல அறை தெரியும்.

கூடத்தை உரசினேன். படுக்கையறையை உரசினேன். அக்காவின் சீப்பு, அக்காவின் செருப்பு, அக்காவின் மூக்குக்கண்ணாடி. செருப்பை விட்டுவிட்டு, கண்ணாடியையும் விட்டுவிட்டு எங்கே ஓடினாள் என்று கேட்க, ஆறு ஆண்டுகளில் ஒரு வாய் திறக்கவில்லையே என்று நெஞ்சு எரிந்தது.

பிறகு சமையலறை. பின்சுவர்.

பாதிச் சுவரில் என் தோள் உள்ளே போனது.

நான் விழவில்லை.

காலடியில் தரை இருந்தது. இருபுறமும் சுவர்கள், நடுவே ஓர் ஆள் நிற்க மட்டும் இடம். அளவுநாடா வைத்து வீட்டை உள்ளும் புறமும் அளந்து, ஓர் அங்குலமும் பிசகாமல் கட்டியவர் அத்தான். உலகத்தில் வேறெவரும் நிஜ வீட்டின் சுவர்களுக்கிடையே இருந்த இந்த வெற்றிடத்தை விட்டுவைத்திருக்க மாட்டார்கள். ஒற்றைச் சுவராக இழுத்து மூடியிருப்பார்கள். தொழிற்செருக்கு அவரை அதைச் செய்யவிடவில்லை.

விசைகளிலிருந்து கையை எடுத்தேன்.

காலடி ஓசை நிற்கவில்லை.

ஓரடி. இன்னோரடி. பார்வை தானாகவே மெல்லத் திரும்பியது. சுவர் கண்ணாடியாகி, அதன் வழியே சமையலறை தெரிந்தது. ஆளே இல்லாத அந்த விளையாட்டில், அங்கே ஓர் ஆண் மண்டியிட்டிருந்தான்.

அவன் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"ஏய்," குட்டையன் முணுமுணுத்தான். "கல்லு வைக்கிறது யாரு? கதையில ஆளே கிடையாதே."

வரிசைமேல் வரிசை எழுந்தது. சமையலறை இடுப்புவரை மறைந்தது, பிறகு மார்புவரை. ஈரச் சிமெண்டின் நெடி என் மூக்கில் ஏறியது. திரைக்கு மணம் ஏது என்று அறிவு கேட்டது. மூக்கு கேட்கவில்லை. கடைசிக் கல் உயர்ந்தபோது, அதைப் பிடித்திருந்த விரலில் என் அக்கா அணிவித்த மோதிரத்தைப் பார்த்தேன்.

இருட்டு.

இருட்டுக்குள் ஒரு செருமல்.

பேசத் தொடங்குமுன் தொண்டையைச் செருமிக்கொள்வது அக்காவின் வழக்கம். இந்த வீட்டில் செருமலோடு அவள் பேச்சு நின்றுவிடும். அதற்குமேல் எவரும் அவளைப் பேசவிட்டதில்லை.

"இந்தச் சத்தம் நான் வைக்கலை," என்றான் குட்டையன். "சத்தியமா வைக்கலை."

காதொலிப்பானைக் கழற்றினேன்.

மறுபடியும் செருமல். இப்போது என் முதுகுக்குப் பின்னால், சுவருக்குள்.

"எங்க நிக்கிற?"

வாசற்படியில் அத்தான். அவர் கண்கள் திரையில் இருந்தன. முகத்தில் இரத்தம் வற்றியிருந்தது.

"சமையலறைச் சுவத்துக்குள்ள, அத்தான்."

"நிக்க முடியாதே," என்றார் மிக மெதுவாக. "அந்த இடத்துல நான் தரையே வைக்கலையே."

"அப்போ அங்க ஒரு இடம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

அத்தான் வாசலை அடைத்துக்கொண்டு ஓரடி உள்ளே வைத்தார். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அப்போது சுவர் செருமியது, மூன்றாம் முறையாக. இம்முறை அவருக்கும் கேட்டது. பெரிய மனிதர், சபைகளில் கைதட்டல் வாங்கியவர், காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"சொல்லிடாதே," என்றார். என்னிடம் அல்ல, சுவரிடம். "சொல்லிடாதே, சொல்லிடாதே."

நான் அவரைத் தாண்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

காதொலிப்பான் வழியே எல்லாவற்றையும் கேட்டிருந்த குட்டையன் அதற்குள் காவல் நிலையத்தை அழைத்திருந்தான். மாலைக்குள் சுவர் இடிக்கப்பட்டது. உள்ளே இருந்ததை நான் விவரிக்கப்போவதில்லை. ஒன்று மட்டும் உரக்கச் சொல்வேன்: என் அக்கா ஓடிப்போகவில்லை. ஒரு நாளும், ஓர் அடியும் அவள் அந்த வீட்டைவிட்டு நகரவில்லை. கேள்வி கேட்காத உறவும், விடை வேண்டாத தெருவும், முடிவை மறைத்து அதற்கு அழகு என்று பெயர்சூட்டியவனும் சேர்ந்து எழுப்பிய சுவர் அது. செங்கல் அதில் சிறு பகுதிதான்.

அவளை அடக்கம் செய்தோம். அந்த விளையாட்டை அலுவலகம் அழித்துவிட்டது. இனி அவள் உறங்குவாள் என்று நினைத்தேன். உறங்கியும் இருக்கலாம்.

நான்கு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். முதல் பணி ஒரு கலங்கரை விளக்கம். கடல் கடந்த நாட்டில், முகம் தெரியாதவர்கள் உருவாக்கியது. நல்ல வெயில் நேரம். என்னைச் சுற்றிப் பத்துப் பேர் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வட்டச் சுவரை உரசியபடி படியேறினேன். மூன்றாம் தளத்தில் தோள் உள்ளே போனது.

அங்கும் தரை இருந்தது.

கையை எடுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். செருமல் வரவில்லை. இருட்டில் யாரோ மூச்சுவிடுவது மட்டும் கேட்டது. அது நெருங்கி வந்தது. என் இடது காதருகே நின்றது.

பிறகு ஒரு குரல் பேசியது. அது என் அக்காவின் குரல் அல்ல. நான் ஒருபோதும் கேட்டிராத, வேறேதோ சுவருக்குள் அடைபட்ட, மிக இளைய குரல்.

"அக்கா," என்று என்னைக் கூப்பிட்டது.