மூன்றாம் கூண்டு: காலி

ஆயுதபூஜைப் படையல் முடிந்து எல்லோரும் ஊருக்குப் பஸ் ஏறிவிட்ட ஒரகடம் ஆலையில், நிறுத்திவைத்த ரோபோக்களுக்கு நடுவே சக்திகுமாரின் திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதில் வரக்கூடாத எச்சரிக்கை ஒன்று வந்திருந்தது.

"மூன்றாம் கூண்டு: சென்சார் கண்ணாடி மறைக்கப்பட்டுள்ளது. துடைக்கவும்."

அவனே எழுதிய வாசகம்தான். போன வருஷம் ரோபோவை இயக்கும் டிரைவர் நிரலை எந்த மகராசன் எழுதினானோ, அது 'பிழை 17' என்று மட்டும் காட்டியது. யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ரீசெட்டை அழுத்தினார்கள். ரோபோவைச் சுற்றிய கம்பிவலைக் கூண்டுக்குள் நின்ற அறைத்தோழன் சுடலைக்கண்ணுவை அது நசுக்கிவிட்டது. இருங்காட்டுக்கோட்டை அறையில் அவனுடைய பாய் இன்னும் சுருட்டியபடியே கிடக்கிறது. இன்னொருவன் அப்படிச் சாகக்கூடாது என்றுதான் சக்திகுமார் எச்சரிக்கைகளை எல்லாம் மாற்றி எழுதினான்: என்ன கோளாறு, எங்கே, என்ன செய்யவேண்டும். லீவிலும் அதைச் சோதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஊருக்குப் போனாலும் பேச ஆளில்லை.

உடைத்த பூசணிக்காயும் கற்பூரமும் கிரீஸும் கலந்து மணத்த வழியே நடந்து கூண்டுக்குள் போனான். சென்சாரின் சின்னக் கண்ணாடியில் சந்தனம், கட்டைவிரல் அகலத்துக்கு. துணியால் துடைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினான். திரைமுன் வந்து நின்றான்.

"மூன்றாம் கூண்டு: உள்ளே ஒருவர் இருக்கிறார். வெளியே வரச் சொல்லவும்."

கம்பிவலைக்குள் யாருமில்லை. கேட்டில் இருந்த காவலர் முனிரத்தினத்தை போனில் கூப்பிட்டான்.

"அண்ணே, மூணாம் கூண்டு கண்ணாடியில சந்தனம் வச்சது யாரு?"

"அதுக்குள்ள எவன்பா போவான்? அந்தப் பையன் செத்ததுலேந்து அல்லாரும் வெளியவே நின்னு கும்புட்டுக்கினு வந்துடறாங்க. நீ வூட்டுக்குக் கெளம்பு."

காலையில் வைத்திருந்தால் சாயங்காலத்துக்குள் காய்ந்திருக்கும். துணியில் இருந்தது ஈரச் சந்தனம்.

எச்சரிக்கை மாறவில்லை. தகரக் கூரை எங்கோ முனகியது. பயமாக இருந்தது. ஆனாலும் ஒரு வருஷமாக அவனோடு பேசாத பேச்சு பாக்கியிருந்தது. திரை சொன்னதையே செய்தான்.

"சுடலை... வெளிய வாலே."

கதவுத் தாழ்ப்பாள் விலகியது.

"மூன்றாம் கூண்டு: காலி."

அவன் திரும்பவில்லை. கற்பூர வாசனை இல்லை. கிரீஸ் இல்லை. சந்தனம் மட்டும். மிக அருகில்.

நெற்றியில் ஈரமாக ஒரு கட்டைவிரல் பதிந்தது. பொட்டு வைப்பதுபோல. மெல்லக் கீழே இறங்கியது. வலக்கண்ணை மூடியது.

மிச்சமிருந்த இடக்கண்ணில் திரை தெரிந்தது. காலி.

பிறகு அந்தக் கண்ணிலும் சந்தனம்.