தாமத வாசல்

கோமதியின் மணிக்கட்டில் பட்டையைக் கட்டிவிட்டு, "கண்ணை மூடிக்கோம்மா. இந்தக் காலேஜை மட்டும் நினைச்சுக்கோ" என்றார் சேர்க்கை அதிகாரி தனசெல்வி.

கோமதி கண்ணை மூடினாள். கல்லூரி வரவில்லை. எதிர்வீட்டுப் பிரிசில்லாதான் வந்தாள், கல்லூரியின் நீலச் சீருடையில், பல்லெல்லாம் தெரிய.

தூத்துக்குடி ஆழ்கடல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதி எப்போதோ முடிந்துவிட்டது. முன்பெல்லாம் அடுத்த வருடம் வா என்று விரட்டிவிடுவார்கள். இப்போது தாமத வாசல் இருக்கிறது. மதிப்பெண் படிப்பைத்தான் காட்டும், ஆசையைக் காட்டாது என்று யாரோ ஒரு மேதைக்குத் தோன்றியதன் விளைவு. நாடித்துடிப்பு, வியர்வை, மூளையின் மின் அலைகள் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து வேட்கைமானி என்கிற அந்தப் பட்டை நூற்றுக்கு ஓர் எண் தரும். தாமதமாக வந்தவரின் எண், வகுப்பிலேயே ஆசை குறைந்தவரின் எண்ணைப் போல் இரு மடங்கு இருந்தால் இடம் கைமாறும். அதற்காக உள்ளே படிப்பவர்களும் திங்கட்கிழமைதோறும் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். நியாயமான ஏற்பாடு என்று ஊரே கைதட்டியது.

கோமதிக்குக் கடல்மேல் ஆசை கிடையாது. சேர்ந்து விண்ணப்பிக்கலாம் என்று பிரிசில்லா கூப்பிட்டபோது, "கடலுக்கு அடியில போயி மீனுக்குப் பாடம் நடத்தப் போறியாட்டி?" என்று சிரித்தவள் அவள். பிரிசில்லாவுக்கு இடம் கிடைத்தது. தெருவே மக்ரூன் இனிப்புத் தின்றது. கோமதியின் அம்மா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "அந்தப் புள்ளைக்கு என்ன சமர்த்து! நீயும்தான் இருக்கியே" என்றாள். அன்றிலிருந்து கோமதிக்குச் சோறு இறங்கவில்லை. சன்னலைத் திறந்தால் எதிர்க்கொடியில் அந்த நீலச் சீருடை காய்ந்தது. அவளுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு பெயர் எதற்கு?

பட்டை கீச்சிட்டது. தனசெல்வி எண்ணைப் பார்த்து எழுந்தேவிட்டார்.

"தொண்ணூத்தி ஆறு! இவ்ளோ ஆசையை வச்சுக்கிட்டு ஏம்மா லேட்டா வந்தே?"

"இப்பதான் மேடம் தெரிஞ்சுது."

அது பொய்யில்லை.

"உனக்காக வெளியே போறது..." தனசெல்வி திரையைத் தட்டினார். "பிரிசில்லா. முப்பத்தி நாலு. இடம் கிடைச்சதும் எல்லாருக்கும் இறங்கித்தான் போகுது."

கோமதிக்கு உள்ளே மத்தாப்பு எரிந்தது.

நீலச் சீருடை போட்டுக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்தாள். பேராசிரியர் உப்பின் அடர்த்தியைப் பற்றிப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்து சீருடையைத் துவைத்து, எதிர்வீட்டுக்குத் தெரிகிற மாதிரி கொடியில் போட்டாள். எதிர்ச்சன்னல் சாத்தியே இருந்தது. அப்புறம் எதற்கு இந்த உப்பு? அவளுடைய எண் வாராவாரம் இறங்கி, ஒரு திங்கட்கிழமை ஏழில் வந்து நின்றது. பட்டையைக் கழற்றுவதற்குள் தனசெல்வியிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது.

"உன் இடத்துக்கு ஆள் வந்தாச்சும்மா. தொண்ணூத்தி எட்டு."

கோமதிக்கு அழுகை வரவில்லை. தலைவலி விட்ட மாதிரி இருந்தது. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எதிரே பிரிசில்லா வந்துகொண்டிருந்தாள், பாதியாக இளைத்து. அவள் கண் கோமதியின் சீருடைமேலேயே இருந்தது.

"ஏட்டி, உனக்குக் கடலே பிடிக்காதே?" என்றாள் பிரிசில்லா.

"உனக்கு மட்டும் பிடிச்சுதாக்கும்?"

பிரிசில்லா யோசித்தாள். "மொதல்ல பிடிச்சுது. பொறவு மறந்துபோச்சு. நீ யூனிபாரத்தைக் கொடியில போட்டியே, சன்னல் இடுக்கு வழியா பாத்தேன், அப்பதான் மறுபடி ஞாபகம் வந்துச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள், பல்லெல்லாம் தெரிய. உள்ளே போய்விட்டாள்.

"பட்டையைக் குடுத்துட்டுப் போம்மா" என்று காவலாளி கை நீட்டினார். கோமதி கழற்றப் போனாள். அது கீச்சிட்டது. பதினெட்டு. நாற்பது. எழுபது. தொண்ணூற்றொன்று.

"அண்ணாச்சி, தாமத வாசல் எந்தப் பக்கம்?"

"உள்ளயிருந்துதான வாரே?" என்று முறைத்துவிட்டு, அவர் மதிலோரமாகக் கை காட்டினார். வரிசை தெருமுனையைத் தாண்டிப் போயிருந்தது. நின்றவர்களில் ஒருவர்கூடக் கல்லூரியைப் பார்க்கவில்லை. உள்ளே போகிற நீலச் சீருடைகளில் ஆளுக்கொரு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோமதி கடைசியில் போய் நின்றுகொண்டாள்.