நாற்பத்திரண்டாவது டூல்

பட்டியலில் நாற்பத்தொரு டூல்கள் இருக்க வேண்டும். நாற்பத்திரண்டு இருந்தன.

சத்யப்ரியா மறுபடி எண்ணினாள். இந்தப் பெண் வீட்டிலேயே உட்கார்ந்து அப்படி என்னதான் வேலை செய்கிறாள் என்பது இரும்புலியூரில் அந்தத் தெருவுக்கே தீராத விசாரணை. வயலை விற்று நாலு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் கீழ்வீட்டுக் கனகவல்லி கடைசியில் கண்டுபிடித்துச் சொன்னார்: "மெஷினுக்கு மார்க் போட்டுகினு கீது அந்தப் பொண்ணு. அதுக்கு சம்பளம் வேற!"

அவர் சொன்னதில் பெரிய தப்பில்லை. டிக்கெட் எடுக்க ஒன்று, மெயில் அனுப்ப ஒன்று என்று, சொன்ன வேலையைத் தானே செய்து முடிக்கும் ஏஐ ஏஜென்டுக்குப் பல டூல்கள் உண்டு. ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி விளக்கம் இருக்கும். அதைப் படித்துத்தான் எதை எப்போது எடுப்பது என்று ஏஜென்ட் முடிவு செய்யும். அந்த விளக்கம் சரியாக வழிகாட்டுகிறதா என்று பார்த்து, ஐந்துக்கு மார்க் போட்டு, குறையை எழுத வேண்டும். எழுதிய குறைக்கு ஏற்ப விளக்கம் தானே திருந்திக்கொள்ளும். குறை கண்டுபிடிப்பதில் சத்யப்ரியாவை மிஞ்ச ஆளில்லை. புருஷன் ஹேமநாத்தைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வான்.

நாற்பத்திரண்டாவது டூலுக்குப் பெயர் இல்லை. விளக்கம் மட்டும் ஒரே வரி: 'வீட்டில் இருப்பவரை வெளியே வரவழைக்கும்.'

உடன் வேலை பார்க்கும் வெற்றிவேலுக்குப் போன் போட்டாள்.

"வெற்றி, கடைசி டூலை யார் சேர்த்தது?"

"நாற்பத்தொண்ணுதானேக்கா இருக்கு? மழைக்கு எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது போல. சூடா ஒரு டீ போட்டுக் குடிங்க."

மணி ஐந்துதான். ஆனால் காலையிலிருந்து விடாமல் பெய்த மழையில் வெளிச்சம் முழுக்கக் கரைந்துபோய், இன்வெர்ட்டரில் முனகிக்கொண்டு சுற்றிய மின்விசிறிக்குக் கீழே, ஹாலில் கட்டிய கொடியில் காயாத துணிகளின் புழுங்கல் வாடையும், அதற்கும் அடியில் எங்கிருந்தோ ஏறி வந்த சேற்று வாடையும் சேர்ந்து மூச்சை அடைத்தன. ஹேமநாத் பள்ளிக்கரணையில் தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தான். ஐந்து வயது ஓவியா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சத்யப்ரியா அந்த டூலுக்கு ஒரு மார்க் போட்டாள். பழக்க தோஷம், குறையையும் எழுதினாள்: 'யாரை? யார் குரலில்? எதுவரை? தெளிவில்லை.'

விளக்கம் திருந்தியது.

'ஓவியாவை வெளியே வரவழைக்கும். தெரிந்தவர் குரலில். வரும்வரை.'

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிய அதே நேரம் வாசல் கதவுக்கு வெளியே கனகவல்லியின் குரல் கேட்டது.

"ஓவியா கண்ணு, வட சுட்டுகினு கீறேன். வாம்மா."

குழைவும் இழுப்பும் அப்படியே இருந்தன. ஆனால் கனகவல்லி காலையிலேயே மோட்டார் சாவியை இவள் கையில் கொடுத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு அனகாபுத்தூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார்.

"வட சுட்டுகினு கீறேன். வாம்மா."

அதே வார்த்தை. அதே இடத்தில் அதே மூச்சு. படிக்கட்டில் மட்டும் காலடிச் சத்தமே இல்லை.

ஓவியா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தாள். "அம்மா, பாட்டி கூப்பிடறாங்க. நீயும் வா." அம்மாவின் நைட்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். ஓர் அடி நகரவில்லை.

வெளியே குரல் நின்றது.

திரையில் ஒரு பெட்டி திறந்தது. 'டூல் பலிக்கவில்லை. காரணம்?'

பயம் ஒருபக்கம். அதையும் மீறி அவளுக்கு ஒரு சின்ன கர்வம்; கேட்டால் பதில் சொல்லாமல் விட்டதில்லையே, மகராசி. விரல்கள் தானே ஓடின: 'அம்மா கூப்பிடாமல் இவள் எங்கும் போகமாட்டாள்.'

அனுப்பிய பிறகுதான் என்ன எழுதினோம் என்று உறைத்தது. அழிக்கப் பார்த்தாள். அழியவில்லை. லேப்டாப்பை அறைந்து மூடினாள். ஓவியாவை அணைக்கத் திரும்பினாள்.

"ஓவி."

தன் குரல்.

கதவுக்கு வெளியே.

நைட்டியைப் பிடித்திருந்த சின்னக் கை விட்டது. ஓவியா வாசலைப் பார்த்து நடந்தாள். போகாதே என்று கத்த சத்யப்ரியா வாயைத் திறந்தாள். காற்று வந்தது. சத்தம் வரவில்லை. அது கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"வா, ஓவி."

மறுபடி வாயைத் திறந்தாள்.

"சீக்கிரம் வா."

குழந்தை எக்கித் தாழ்ப்பாளை இழுத்தது. கதவு ஒரு சாண் திறந்தது. சேற்று வாடை. இருட்டு. சத்யப்ரியா ஓடிப்போய் மகளின் கையைப் பிடித்தாள். பலங்கொண்ட மட்டும் இழுத்தாள்.

ஓவியா நிமிர்ந்து பார்த்தாள். தெருவில் போகும் யாரையோ பார்ப்பதுபோல் மரியாதையாக, கொஞ்சம் பயத்தோடு.

"கைய விடுங்க ஆன்ட்டி. எங்கம்மா கூப்பிடறாங்க."

ஓவியாவின் இன்னொரு கையை, கதவிடுக்கின் வழியாக நீண்ட கை ஒன்று மெல்லப் பிடித்துக்கொண்டது.